எல்லாம் அடக்கம்

உழைத்துப் பிழைக்கும் ஒருவன், சுற்றத்தாரோ நண்பரோ உடன் வராமல், தன்னொருவன் பொருட்டே கைப்பொருளைச் செலவிட்டு மூன்று நாள் சும்மா இருந்து வருவது தகுமா, தகாதா? கேட்பதற்கு இஃது அற்பக் கேள்வி போலத் தோன்றும். ஆயினும் சென்ற டிசம்பர் மாதத்தில் பாகான் டாலாமிலுள்ள நமது வீட்டில் நாலைந்து நாள் இதுவே பெரிய விவகாரமாக நடந்தது. நாம் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆண்டு முடிவதற்குள் எடுத்துக்கொள்ளாவிடில் வீணாகப் போய்விடும் நான்கு நாள் விடுப்பு மீதமிருந்தது. அதைக் கொண்டு பங்கோர் தீவுக்குப் போய், மலிவான விடுதியொன்றில் இரண்டு இரவு தங்கி வரலாமென்று எண்ணினோம். 'யார் யார் போகிறீர்கள்?' என்று கேட்டவர்களிடம் 'நாம் மட்டுந்தான்' என்று சொன்ன மாத்திரத்தில் வழக்கு ஆரம்பமாயிற்று.

பாகான் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் படகு வந்தணையும் துறை என்பது பொருள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் இரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் அண்மையில் இருப்பது நமது பேட்டை. வருவதும் போவதும் இங்கே யாருக்கும் புதிதன்று. ஆயினும் தமிழன் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு நம்மவர் ஒப்புக்கொண்ட காரணங்கள் சிலவே. கலியாணம், கருமாதி, கோயில், வேலை, வைத்தியம் என்னும் இவ்வைந்தில் ஒன்றிருந்தால் யாரும் ஒன்றும் கேளார். இவற்றில் எதற்குப் போனாலும் கூட்டத்தோடு போவதே முறை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு விரதமிருந்து போகிறவன்கூடப் பத்துப் பேரை அழைத்துக்கொண்டுதான் போகிறான். தனியே போகிறவனுக்கோ கடன் தொல்லை இருக்கவேண்டும், அல்லது காதல் தொல்லை இருக்கவேண்டும், அல்லது வீட்டில் சண்டையாயிருக்கவேண்டும். அடுத்த வீட்டு அத்தை நம்மிடம் கேளாமல் நமது தாயாரிடம், 'தம்பிக்கு மனசு சரியில்லையா?' என்று மெல்ல விசாரித்தார். தாயாருக்கு இருந்த கவலையோ வேறு. 'அங்கே உனக்குச் சோறு யார் போடுவார்?' என்றார். சோற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறோம் என்று சொல்லி, விளம்பரத் தாளை எடுத்துப் படித்துக் காட்டினோம். தங்கும் அறை, மூன்று வேளை உணவு, மாலைத் தேநீர், தீவைச் சுற்றிவரப் படகு, யாவும் அடக்கம் என்று அதில் அச்சிட்டிருந்தது.

'எல்லாம் அடக்கமா?' என்று தாயார் கேட்டார். அவர் கேட்ட குரல் வாசகர்கள் செவியில் விழுந்திருந்தால் இக்கட்டுரை எழுதவேண்டிய அவசியமே நமக்கு ஏற்பட்டிராது.

அடக்கம் என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் என்னென்ன இடங்களில் வழங்குகிறோம் என்று பாருங்கள். கடைக்காரர் வரி அடக்கம் என்கிறார். வியாபாரி தமக்கு வந்து விழுந்த அசல் விலையை அடக்க விலை என்கிறார். திருக்குறளின் பதின்மூன்றாம் அதிகாரம் அடக்கமுடைமை. செத்தவனைப் புதைப்பதற்கும் நல்லடக்கம் என்றே பெயர். உட்படுத்துவதும், ஒடுங்கியிருப்பதும், மண்ணுக்குள் வைப்பதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்திருப்பது தற்செயலாயிருக்கலாம். நாம் சொல்லிலக்கணம் வல்லாரல்லோம். ஆனால் பங்கோருக்குப் போய்த் திரும்பிய பிறகு, அது தற்செயலன்று என்றே நமது மனத்துக்குப் படுகிறது.

இவ்விதமாக எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் அடக்கி விற்கும் விடுதிமுறை பழையதன்று. 1950-ஆம் ஆண்டில் ஜெரார்ட் பிளிட்ஸ் என்னும் பெல்ஜியர் ஸ்பெயின் தேசத்து மயோர்க்கா தீவில் கூடாரங்களை அடித்து ஆரம்பித்த 'கிளப் மெட்' என்பதே இதனைப் பெரிதாகப் பரப்பியது. யுத்தத்தால் அலுத்துப்போன ஐரோப்பியருக்குப் பணத்தை மறந்து சில நாள் இருக்கக் கிடைத்ததே அங்குள்ள இன்பம். பிற்பாடு அங்கே மது வாங்குவதற்குக்கூட நாணயம் வேண்டியிருக்கவில்லை. கழுத்திலே கோத்திருந்த மணிகளைக் கழற்றிக் கொடுக்கவேண்டியிருந்தது. மணியும் முன்னமே காசு கொடுத்து வாங்கியதுதான் என்றாலும், மணியைக் கொடுக்கும்போது காசு கொடுப்பது போன்ற வலி தெரியவில்லையாம். நமது நாட்டிலும் கிழக்குக்கரையில் செராத்திங் கடற்கரையில் அக்கம்பெனியார் ஒரு கிராமம் அமைத்தார்கள். அது சீமான்களுக்கு. சாமானியருக்கு ரெடாங், பெர்ஹெந்தியான், பங்கோர் முதலிய தீவுகளில் அதன் சிறு பதிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் நாம் தலைக்கு 260 வெள்ளி கட்டினோம். தலைக்கு என்பது இரண்டு தலை சேர்ந்து வந்தால் என்று பொருளாம். ஒற்றைத் தலைக்கு மேலும் 90 வெள்ளி. வராத ஒருவருக்காகவும் நாம் பணம் கொடுத்தோம் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பங்காளி இல்லாதவனுக்கு உலகம் விதிக்கும் தண்டம் அது.

பட்டர்வொர்த்திலிருந்து லுமுட்டுக்குப் பஸ், அங்கிருந்து படகு. 1874-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பேராக் தேசத்துப் பிரபுக்களும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது இந்தப் பங்கோர்க் கடலில் நின்ற கப்பலொன்றில்தான். அந்தக் கையெழுத்திலிருந்தே ரெசிடெண்டு துரைகளும், அவர்களுக்குப் பின்னால் தோட்டத் துரைகளும் மலாய் நாடுகளுக்குள் வந்தார்கள். அவர்களுக்குக் கணக்கெழுதக் கிராணிகளும் வந்தார்கள் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

விடுதியில் நுழைந்ததும் பெயரைப் பதிந்துகொண்டு, நமது இடது மணிக்கட்டில் மஞ்சள் நிறமான நெகிழிப் பட்டையொன்றைச் சுற்றி ஒட்டினார்கள். அதனைக் காட்டினால் சோறு, காட்டாவிடில் இல்லை. குளிக்கும்போதும் கழற்றக்கூடாது, கழற்றினால் அறுந்துபோகும். நாள்தோறும் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, வந்தவன் வராதவன் என்று செக்ரோலில் ஆள் பதிகிற நமக்கு, முதன்முறையாக நமது உடம்பிலேயே ஆள் பதிந்துவிட்டது போன்ற ஓர் உணர்ச்சி உண்டாயிற்று. வேடிக்கையாகத்தான் இருந்தது. முதல்நாள் மாலைவரை அது வேடிக்கையாகவே இருந்தது.

நாம் அங்கே போனதன் நோக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கணக்கில்லாத ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்பதே அது. ஆண்டு முழுவதும் குலை எத்தனை, டன் எத்தனை, பேர் எத்தனை, பிடித்தம் எத்தனை என்று எண்ணி எண்ணித் தேய்ந்த மூளைக்கு, மூன்று நாள் எதையும் எண்ணாமல் இருப்பதே பெரிய விருந்து. அது கிடைக்கவும் செய்தது. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பசித்தபோது போய்த் தின்றோம். பில் வரவில்லை. தெலுக் நிப்பா கடற்கரையில் மாலையானால் இருவாட்சிப் பறவைகள் மனிதர் வீசும் பழத்துக்காகக் கூட்டமாக வருகின்றன, அவற்றையும் பார்த்தோம். அடைகாக்கும் காலத்தில் பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் சந்து மட்டும் இருக்கும். ஆண்பறவை அதன்வழியே உணவு கொடுத்துக்கொண்டிருக்கும். தங்கல், உணவு, காவல் யாவும் அடக்கம்! பறவைக்கு அது குஞ்சுக்காக. உரிய நாளில் அதுவே வாயிலை உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சாப்பாட்டு வேளைதான் சங்கடமாயிருந்தது. மேசைகளெல்லாம் நால்வருக்கு இட்டவை. நாம் ஒன்றில் உட்கார்ந்ததும் மற்ற மூன்று நாற்காலிகளும் நம்மைப் பார்த்து விசாரிப்பது போலிருந்தது. பரிமாறும் இளைஞன் இரண்டு தட்டு வைத்துவிட்டு, மலாயில் 'ஒருவர்தானா?' என்று கேட்டு, ஒரு தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். மூன்று வேளையும் இவ்விதமே நடந்தது. புறநானூற்றில் 182-ஆம் பாட்டைப் பாடிய பாண்டியன், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இவ்வுலகம் இன்னும் அழியாதிருப்பதற்குக் காரணம் சொல்லப் புகுந்தவிடத்தில், அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள் இருப்பதனை முதலில் வைக்கிறான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பங்கோரில் அந்த மூன்று நாளும் நாம் உலகத்தை அழிக்கும் கட்சியிலேயே இருந்தோம்.

இரண்டாம் நாள் பகலில் தைப்பிங்கிலிருந்து வந்திருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பக்கத்து மேசையில் இருந்தது. அக்குடும்பத்துப் பெரிய அம்மையார் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்கமுடியாமல், 'தம்பி, இங்கே வந்து உட்காருங்கள்; தனியாக எப்படி இறங்கும்?' என்றார். போனோம். அவர் தாமே எழுந்து, பொரித்த மீன் இருக்கும் இடத்துக்குப் போய், நமக்கும் சேர்த்து ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். நாமே எடுத்துக்கொள்ளக்கூடிய மீன்; நாமும் காசு கட்டிய மீன். ஆயினும் அவர் கொண்டுவந்து வைத்தபோது அது வேறு மீனாய்விட்டது. அதோடு நிற்காமல், மடியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த முறுக்கை நீட்டினார். 'வெளி உணவுப் பண்டங்கள் கொண்டுவரலாகாது' என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த விதியின் பொருள் அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. எல்லாம் முன்னமே கட்டணத்துக்குள் அடங்கிவிட்ட இடத்தில் ஒருவர் மற்றொருவருக்கு ஒன்றையும் கொடுக்க முடியாது. அங்கே கொடுப்பதற்கு மிச்சமாயிருந்த ஒரே பொருள், விதியை மீறி உள்ளே வந்த அந்த முறுக்குத்தான்.

இதனால் தனிமையே குற்றம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். தனித்திருப்பதைச் சந்தேகிக்கும் நமது சமூகத்தின் வழக்கம் நல்லதன்று என்பதே நமது திடமான அபிப்பிராயம். கூட்டம் என்ற பெயரால் நம்மவர் ஒருவரையொருவர் காவல் காக்கின்றனர். ஆணாகிய நம்மையே இத்தனை பேர் விசாரித்தார்களென்றால், நமது அக்காள் ஒருத்தி இவ்வாறு தனியே போக முற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓய்வு சோம்பேறித்தனம் என்றும், உல்லாசம் பாவம் என்றும் பாட்டாளிகளுக்குப் போதிப்பவர்கள் தாங்கள் மட்டும் ஓய்வாகவே இருந்துகொண்டு போதிக்கிறார்கள். உழைக்கிறவனுக்கு ஓய்வு உரிமை. ஆகையால் போனது தப்பன்று. போன இடத்தில் நாம் எதைப் பார்க்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டோம் என்பதே கேள்வி.

ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த நமக்குத் தீவு, தனிமை என்றதும் ராபின்சன் குரூசோவின் ஞாபகம் வராமற் போகாது. 1719-இல் டேனியல் டீபோ வெளியிட்ட அக்கதையில் குரூசோ 28 ஆண்டு தீவில் இருக்கிறான். தனியொருவன் தன் கையாலேயே சகலத்தையும் சம்பாதித்துக்கொண்ட வீரகதை என்று நமது ஆசிரியர் போதித்தார். கிராணியான பிறகு அதே புஸ்தகத்தை மறுபடியும் படித்தபோது, பள்ளியில் கவனியாத சில விஷயங்கள் கண்ணிற் பட்டன. முதலாவது, அவன் நம்மைப்போல் கணக்கெழுதுகிறான். தனக்கு நேர்ந்த நன்மை தீமைகளைப் பற்று வரவு போல இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுகிறான். இரண்டாவது, அவன் ஒரு தோட்டத் துரை. பிரேசிலில் அவனுக்குத் தோட்டம் இருந்தது. அதற்கு ஆள் போதவில்லையென்று ஆப்பிரிக்காவுக்கு அடிமை பிடிக்கப் போகும் வழியிலேதான் கப்பல் உடைந்தது. மூன்றாவது, தீவில் அவனுக்கு ஒருவன் கிடைத்தபோது, அவன் பெயரைக் கேட்காமல் தானே வெள்ளிக்கிழமை என்று பெயரிட்டான்; தன்னை எஜமான் என்று அழைக்கவேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்தான். தனிமைத் தீவு என்று நாம் எண்ணிய இடத்துக்குள்ளும் தோட்டம், பேரேடு, வேலையாள் என்னும் மூன்றும் வந்து சேர்ந்தன.

நிற்க. இரண்டாம் நாள் மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து மணிக்கட்டுப் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தபோது, நமது குடும்பத்தில் இதற்குமுன் யாராவது தீவொன்றில் வேலை செய்யாமல் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்ததுண்டா என்று ஓர் எண்ணம் வந்தது. உண்டு. நமது பூட்டனார் அவ்வாறு இருந்தார். அந்தத் தீவு ஜெரெஜாக்.

பினாங்குப் பாலத்தில் போகிறவர்கள் தெற்கே திரும்பிப் பார்த்தால் காடு மூடிய அத்தீவு தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குஷ்டரோகிகளுக்கான விடுதியை அங்கே வைத்தார்கள். பிறகு, கப்பலில் வந்திறங்கும் கூலிகளைத் தொற்றுநோய் இல்லையென்று தெரியும்வரை நிறுத்தி வைக்கும் கொரண்டைன் முகாமும் ஏற்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தமிழரில் ஆயிரமாயிரம் பேர் மலாயாவில் முதலில் மிதித்த மண் பினாங்கு மண்ணன்று, ஜெரெஜாக் மண். 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாக இருந்தது. 2004-இல் அதே தீவில் உல்லாச விடுதி திறந்தார்கள்; பிற்பாடு அதையும் மூடினார்கள். நோயாளி, கூலி, கைதி, விருந்தாளி ஆகிய நால்வருக்கும் அந்த ஒரே தீவு இடங்கொடுத்தது. நால்வருக்கும் தங்கலும் உணவும் அடக்கம்.

பூட்டனார் 1927-இல் கங்காணியோடு வந்தவர். அவரை நாம் பார்த்ததில்லை. பாட்டனார் சொல்லக் கேட்டதுதான். கப்பல் தளத்தில் வாந்தியும் வெயிலுமாகக் கிடந்து வந்தவர்களை ஜெரெஜாக்கில் இறக்கி, துணிகளை ஆவியில் போட்டு, அம்மை குத்தி, வரிசையாக உட்காரவைத்துச் சோறு போட்டார்களாம். சோறு, பருப்பு, கருவாடு. காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்களாம். வேறு வேலை கிடையாது. கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பாட்டனார் முடிவில் ஒன்று சொல்வார்: தமது தகப்பனார் சாகும்வரை அந்த நாட்களைச் சந்தோஷத்தோடுதான் நினைவுகூர்ந்தாராம். 'நான் வாழ்நாளில் சும்மா இருந்து வயிறாரத் தின்றது சேர்ந்தாற்போல அந்தச் சில நாள்தான்' என்பாராம்.

சிறுபிராயத்தில் இதைக் கேட்டுச் சிரித்தோம். கல்லூரிப் பிராயத்தில் கோபம் வந்தது. ஆடுமாடு போல் அடைத்து வைத்ததை ஒரு மனிதன் விருந்தென்று நினைத்தானே என்று வெட்கமும் வந்தது. இப்பொழுது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்தச் சோறு நல்ல சோறாகவே இருந்திருக்கும். அந்த ஓய்வும் மெய்யான ஓய்வே. அதனை அநுபவித்த மனிதரை அறியாதவர் என்று சொல்ல நாம் யார்? ஆனால் அவர் அண்ணாந்து படுத்திருந்த அந்நேரத்தில், அவருடைய பெயர் கங்காணியின் புஸ்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. தம் கையால் தொட்டிராத பணமெல்லாம் அவர் பெயரில் பற்றெழுதப்பட்டது. ஊரை விட்டுக் கிளம்புமுன் கங்காணி கொடுத்த முன்பணமும் அதில் சேர்ந்துகொண்டது. அடக்கம் என்று அவர் எண்ணியது எதுவும் அடக்கமாயிருக்கவில்லை. அவர்தாம் அடங்கியிருந்தார்.

இதன் பின் தோட்டத்தைப்பற்றி விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. வாசகர்களிற் பலர் அங்கே பிறந்தவர்கள். லயத்து வீடு அடக்கம். குழாய்த் தண்ணீர் அடக்கம். ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, கோயில், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் யாவும் அடக்கம். கள்ளுக்கடையும் அடக்கம். மூன்று தலைமுறை எல்லாம் அடக்கமாக வாழ்ந்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது, வீடு வேலையோடு அடக்கமாதலால் வேலை போனவுடன் வீடும் போயிற்று. நமது தாயார் பதினாறு வயதுமுதல் பால் மரம் வெட்டியவர். 1994-இல், நமக்கு ஐந்து வயதாயிருக்கையில், இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் லாரியில் ஏறிப் பாகான் டாலாமுக்கு வந்து சேர்ந்தோம். அவர் 'எல்லாம் அடக்கமா?' என்று கேட்ட குரலுக்குக் காரணம் இதுதான். இலவசமாகக் கிடைத்தது எதுவும் நம்முடையதன்று என்பதை அவர் புஸ்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் 260 வெள்ளி கட்டிப் பங்கோரில் உட்கார்ந்திருந்த நமக்கும், ஜெரெஜாக்கில் படுத்திருந்த பூட்டனாருக்கும் என்ன வித்தியாசம்? இருவருக்கும் அலுப்பு, இருவருக்கும் ஆள்பதிவு, இருவருக்கும் கடல், இருவருக்கும் மூன்று வேளை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. நமது சட்டைப் பையில் திரும்பிப் போகும் படகுச் சீட்டு இருந்தது. விருந்தாளிக்கும் அடைபட்டவனுக்கும் உள்ள பேதம் சோற்றிலும் இல்லை, பாயிலும் இல்லை. போவதற்கு வேண்டிய காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதிலேதான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துவிட்டோமென்று அன்று மாலை நமக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை இராச் சாப்பாடு வரைதான் நிலைத்தது.

சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தத் தட்டெடுக்கும் இளைஞன் நம்மிடம் வந்து, ஏன் தனியாக வந்தீர்கள் என்று மலாயில் கேட்டான். வங்காள தேசத்தவன், இருபத்தைந்து பிராயமிருக்கும். ஓய்வுக்காக என்றோம். அவனும் தனியாகத்தான் இருப்பதாகச் சொன்னான். தனக்கும் இங்கே தங்கலும் சாப்பாடும் இனாம் என்று சொல்லிச் சிரித்தான். தீவுக்கு வந்து பதினொரு மாதமாயிற்று; அக்கரைக்கு ஒருநாளும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டோம். பாஸ்போர்ட்டு ஆபீசில் பத்திரமாக இருக்கிறது, அது கையில் இல்லாமல் போனால் வழியில் போலீஸ்காரர் பிடிப்பார் என்றான். அவன் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. 'பத்திரமாக' என்ற சொல்லை நன்றியோடுதான் சொன்னான்.

அச்சொல் நமது சொல். ஐந்து ஆண்டுகளாக நாமே சொல்லிவந்த சொல். நமது தோட்ட ஆபீசில் பச்சை நிற இரும்பு அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தட்டில் நாற்பத்து மூன்று பாஸ்போர்ட்டுகள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன. அவற்றை வாங்கி வைத்ததற்கு ஒரு பதிவுப் புஸ்தகம் உண்டு. அதில் இருப்பது நமது கையெழுத்து. அந்த அலமாரியின் சாவி, அவன் பேசிக்கொண்டிருந்த அந்நேரத்தில், நமது வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் நமது காற்சட்டைப் பையில் கிடந்தது. கணக்கில்லாத இடத்துக்கு வந்தோமென்று எண்ணிய நாம், கணக்குப் புஸ்தகத்தின் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தோம். பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம் என்பது நமக்குத் தெரியாததன்று. தெரிந்தும், எல்லாத் தோட்டங்களிலும் நடப்பதுதானே என்றும், அவர்கள் தாமாகவே கொடுத்ததுதானே என்றும், தொலைந்துபோனால் அவர்களுக்குத்தானே நஷ்டம் என்றும் சமாதானம் வைத்திருந்தோம். பூட்டனாரின் கங்காணியும் இம்மாதிரி மூன்று சமாதானங்களை வைத்திருந்திருப்பான். அவனும் தன்னைக் கெட்டவனென்று எண்ணியிருக்க மாட்டான்.

அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. அறையில் இரண்டு கட்டில். ஒன்று வெறுமையாகக் கிடந்தது. 90 வெள்ளி கொடுத்த கட்டிலாயிற்றே என்று நடுநிசிக்குமேல் எழுந்து அதிலும் சற்றுநேரம் படுத்துப் பார்த்தோம்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில் மானேஜரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை, ஆட்கள் ஓடிவிட்டால் யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டார். ஓடிப்போகத் தோன்றாதபடி தோட்டத்தை வைத்திருப்பதுதான் பொறுப்பு என்று சொல்ல நாவு எழுந்தது; எழுந்த நாவை அடக்கிக்கொண்டு, சட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டினோம். அவர் இரண்டு நாள் கழித்துக் கொடுத்துவிடச் சொன்னார். ஆட்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கத் தொடங்கினோம். இதற்காக யாரும் நம்மை மெச்சவேண்டியதில்லை. ஐந்து ஆண்டு தாமதம் அது. மெச்சவும் இல்லை. நாற்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் வாங்க மறுத்துவிட்டார்கள். 'வேண்டாம் கிராணி, உங்களிடமே இருக்கட்டும். எங்கள் அறையில் வைத்தால் திருடு போகும்' என்றார்கள். போய்ப் பார்த்தோம். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு பெட்டிக்குக்கூடப் பூட்டு இல்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, ஆளுக்கொரு பூட்டத்தக்க அலமாரி வேண்டுமென்று விதியே வந்திருக்கிறது. கணக்குப் புஸ்தகத்தில் அதற்கென்று ஒரு வரியும் இல்லை. அந்தக் கணக்கை எழுதியவர்களும் நாமே. அலமாரி வாங்க விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் அந்தப் பத்தொன்பதும் பச்சை அலமாரியில்தான் இருக்கின்றன. சாவியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் இருக்கிறது. இஃது அரைகுறை ஏற்பாடு என்பதை நாம் அறிவோம்.

பங்கோரிலிருந்து வந்த அன்று வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். தாயார் கத்தரிக்கோலை எடுத்து மணிக்கட்டுப் பட்டையை வெட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக விசாரித்தார். மீன் என்ன மீன், குழம்பில் புளி இருந்ததா, தலையணை எத்தனை. பிறகு, 'சாப்பிட்ட தட்டை யார் கழுவுவார்?' என்று கேட்டார். அவர்களே கழுவுவார்கள் என்றோம். அந்த இளைஞனைப்பற்றியும் சொன்னோம். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அறுபத்திரண்டு வயதில் இதுவரை தாம் உண்ட தட்டை மற்றொருவர் கழுவ அவர் பார்த்தது பிரசவ ஆஸ்பத்திரியில் மட்டுமே.

'நானும் ஒருமுறை போகவேண்டும்' என்றார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு அழைத்துப் போகிறோம் என்று சொன்னோம். வேண்டாம் என்றார். அக்காளோடு போகலாமே என்றோம். அதுவும் வேண்டாமாம். 'நீ போனது போலத்தான். அந்தப் பையனுக்கு முறுக்குச் சுட்டு எடுத்துப் போவேன்' என்றார். அடுத்த வீட்டு அத்தை கேட்டால் என்ன சொல்வது என்பதை இன்னும் யோசிக்கவில்லை. ஏப்ரல் மாதத்துக்கென்று பணம் எடுத்து வைத்திருக்கிறோம். ஒற்றைத் தலைக்குரிய 90 வெள்ளியையும் சேர்த்தே.